செல்டா: ஆங்கில இலக்கணம் கற்பிக்கப் போகிறவர்கள் பணம் கட்டும்முன் படிக்க வேண்டியது

எம்.ஏ. ஆங்கிலம் படித்தாயிற்று, இலக்கணம் தலைகீழாகத் தெரியும், நான்கு வாரப் பயிற்சிதானே என்று செல்டாவில் சேர்கிறவர்கள்தான் முதல் வாரத்திலேயே முழி பிதுங்குகிறார்கள். சேரும்முன் யாராவது இதையெல்லாம் எடுத்துச் சொல்லியிருந்தால் எனக்குப் பாதி அலைச்சலும் கணிசமான பணமும் மிச்சமாகியிருக்கும். நிலையங்களின் விளம்பரத் தாள்களில் இருப்பதை விட்டுவிட்டு, அவற்றில் இல்லாததை இங்கே எழுதுகிறேன்.

செல்டா என்பது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கிற ஆசிரியர்களுக்காகக் கேம்பிரிட்ஜ் வழங்கும் சான்றிதழ். இங்கிலாந்தின் தகுதிநிலைப் பட்டியலில் அது 5ஆம் நிலை. குறைந்தது 120 மணி நேர வகுப்பு, உண்மையான மாணவர்கள் முன் 6 மணி நேரம் கற்பித்தல், அனுபவமுள்ள ஆசிரியர்களின் வகுப்புகளை 6 மணி நேரம் பார்த்தல், நான்கு எழுத்துப் பணிகள். முடிவில் தேர்வு எதுவும் கிடையாது. நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு வகுப்பும்தான் தேர்வு.

1. உங்களுக்கு இது வேண்டுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

அரசுப் பள்ளி வேலைதான் இலக்கு என்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம். அதற்கு பி.எட்., ஆசிரியர் தகுதித் தேர்வு என்று வேறு பாதை இருக்கிறது. அங்கே செல்டாவைக் காட்டினால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

வயது வந்தோருக்கான மொழிப் பயிற்சி நிலையங்கள், வெளிநாட்டு மொழிப் பள்ளிகள், இணையவழிக் கற்பித்தல், இந்த மூன்றில் ஒன்று உங்கள் இலக்கானால் செல்டா பயன்படும். லண்டன் ட்ரினிட்டி கல்லூரி வழங்கும் செர்ட்டீசால் என்ற ஆசிரியர் சான்றிதழ் இதற்கு நிகரானது. அதிலும் 6 மணி நேரக் கற்பித்தல் உண்டு, நிலையும் அதே 5தான். ஊரும் தேதியும் பொருந்தினால் அதில் சேர்வதிலும் தவறில்லை.

இங்கேதான் முதல் பொறி. “120 மணி நேர டெஃபல் சான்றிதழ், சில ஆயிரம் ரூபாய்க்கு” என்று இணையத்தில் விற்பார்கள். டெஃபல் என்றால் ஆங்கிலத்தை அந்நிய மொழியாகக் கற்பித்தல். காணொளிகளைப் பார்த்து, சரியான விடையைக் குறித்தால் சான்றிதழ் வந்துவிடும். உங்கள் வகுப்பை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. 120 என்ற எண் இரண்டிலும் ஒன்றுபோலிருப்பதால் ஏமாந்துவிடாதீர்கள். வேலை கொடுப்பவர் கேட்பது மணிக்கணக்கை அல்ல, பயிற்றுநர் பார்வையிட்ட கற்பித்தலை. “செல்டாவுக்கு இணையானது” என்று ஒரு நிறுவனம் தானாகவே சொல்லிக்கொண்டால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். அங்கீகாரம் பெற்ற நிலையங்களின் பட்டியல் கேம்பிரிட்ஜின் இணையதளத்திலேயே இருக்கிறது. முன்பணம் கட்டும்முன் அதில் அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள்.

2. நேரடியா, இணையவழியா? முழுநேரமா, பகுதிநேரமா?

முழுநேரப் பயிற்சி நான்கு அல்லது ஐந்து வாரம். பகுதிநேரம் சில மாதங்களுக்கு நீளும். வேலையை விடாமல் முழுநேரப் பயிற்சியைச் சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். காலையில் வகுப்பு, பிற்பகலில் கற்பித்தல், இரவு மறுநாளுக்கான பாடக்குறிப்பு, இடையே எழுத்துப் பணி என்று நாள் முழுவதையும் அது விழுங்கிவிடும். வீட்டில் திருமணமோ குழந்தைக்குப் பொதுத் தேர்வோ இருக்கிற மாதத்தில் சேராதீர்கள். எல்லா வகுப்புகளுக்கும் வருவீர்கள் என்று எதிர்பார்ப்பார்கள், விடுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

இணையவழியில் பிரிட்டன் நிலையத்தில் சேர்கிறவர்கள் கடிகாரத்தைக் கவனியுங்கள். குளிர்காலத்தில் அவர்களைவிட நாம் ஐந்தரை மணி நேரம் முன்னே இருக்கிறோம், கோடையில் நாலரை மணி நேரம். அங்கே காலை 10 மணிக்குத் தொடங்கும் வகுப்பு, ஜனவரியில் நமக்குப் பிற்பகல் 3.30. மாலை 6 மணிக்கு அங்கே முடித்தால் இங்கே இரவு 11.30. அதற்குப் பிறகுதான் உங்கள் பாடக்குறிப்பு வேலை ஆரம்பம். மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் பயிற்சிக்கு நடுவில் வந்தால் நேரம் ஒரு மணி மாறும். இதை நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.

இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் இணையவழிக் கற்பித்தல் வேண்டாம். கைபேசியில் மாற்று இணைய இணைப்பும் தயாராக இருக்கட்டும். மின்வெட்டில் போன பத்து நிமிடத்தை மதிப்பீட்டின்போது திரும்பக் கேட்க முடியாது.

3. பணம்: கட்டணத் தொகை மட்டும் செலவல்ல

கட்டணம் நிலையத்துக்கு நிலையம் மாறும். ஒரு லட்ச ரூபாய்க்குக் குறையாமல் ஒதுக்கிவைத்துக்கொண்டு யோசிக்கத் தொடங்குங்கள். பலருக்கு அதற்கு மேலும் ஆகும். விலையைக் கேட்கும்போதே கூடவே கேட்க வேண்டியவை உண்டு. சொல்லும் தொகையில் ஜிஎஸ்டி அடங்குமா? 18 சதவீதம் பின்னால் வந்து சேர்ந்தால் லட்சத்துக்குப் பதினெட்டாயிரம். கேம்பிரிட்ஜுக்குச் செல்லும் பதிவுக் கட்டணம் உள்ளேயா, வெளியேயா? சேர்ந்தபின் உடல்நிலை சரியில்லாமல் போனால் அடுத்த பிரிவுக்கு மாற்றித் தருவார்களா, முன்பணம் போனது போனதுதானா?

கடைசிக் கேள்விக்கான பதிலை எழுத்தில் வாங்குங்கள். நான் விண்ணப்பித்த ஒரு நிலையத்தில் தொலைபேசியில் “பார்த்துக்கொள்ளலாம்” என்றவர்கள், பிரிவே ரத்தானபோது விதிமுறையின் பத்தி எண்ணைச் சொன்னார்கள். முன்பணத்தை மீட்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

பவுண்டில் கட்டுகிறவர்களுக்கு வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம் தனி. வேறு ஊரில் தங்கிப் படித்தால் அறை வாடகை, சாப்பாடு. நேரடி வகுப்பென்றால் தினமும் நகலெடுக்கும் செலவும் சேரும். சிறு தொகைதான், ஆனால் கேள்வித்தாள், படங்கள், அட்டைகள் என்று நாள்தோறும் போகும்.

4. ஆவணங்கள்: பெயரில் தொடங்கும் தலைவலி

பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும், உயர்கல்வியில் சேர்வதற்கான கல்வித் தகுதி இருக்க வேண்டும், ஆங்கிலத்தில் உயர்நிலைத் தேர்ச்சி இருக்க வேண்டும். கேம்பிரிட்ஜ் கேட்பது அவ்வளவே. பட்டம் கட்டாயமில்லை. தாய்மொழி தமிழ் என்பது தடையே இல்லை. ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் மதிப்பெண்ணை எல்லா நிலையங்களும் கேட்பதில்லை. உங்கள் நிலையம் கேட்டால் மட்டும் எழுதுங்கள். அதன் முடிவு இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும் என்பதால் முன்கூட்டியே எழுதிவைப்பது வீண்.

நமக்கென்றே இருக்கிற சிக்கல் தலைப்பெழுத்து. பள்ளிச் சான்றிதழில் “எஸ். கவிதா”, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து “கவிதா சுப்பிரமணியன்”, ஆதாரில் “கவிதா எஸ்”. செல்டா விண்ணப்பத்தில் எந்த வடிவத்தை எழுதுகிறீர்களோ அதுதான் சான்றிதழில் அச்சாகும். நாளை விசா அலுவலர் அதைப் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவார். ஆகவே பாஸ்போர்ட்டில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். பாஸ்போர்ட்டே இல்லையென்றால் முதலில் அதை எடுத்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

இன்னொன்று, பட்டமளிப்புச் சான்றிதழ். கல்லூரி முடிந்ததும் கிடைத்த தற்காலிகச் சான்றிதழோடு காலம் தள்ளுகிறவர்கள் நம்மில் ஏராளம். செல்டாவுக்கு அது போதும். ஆனால் வெளிநாட்டு வேலைக்கான விசாவில் பெரும்பாலும் மூலப் பட்டத்தைத்தான் கேட்பார்கள். பல்கலைக்கழகத்தில் அதை வாங்க மாதங்கள் ஆகலாம் என்பதால், செல்டாவுக்கு விண்ணப்பிக்கிற அன்றே அதற்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.

5. நேர்காணலுக்கு முந்தைய தாள்: இங்கேதான் இலக்கணம் ஆரம்பம்

விண்ணப்பத்தோடு ஒரு கேள்வித்தாள் வரும். அதைப் பார்த்ததும் சுலபம் என்று தோன்றும், அதுதான் ஆபத்து. “பிரசன்ட் பெர்ஃபெக்ட் என்றால் என்ன?” என்று அதில் கேட்க மாட்டார்கள். “ஹி ஹேஸ் கான் டு மதுரை”, “ஹி ஹேஸ் பீன் டு மதுரை”, இவ்விரண்டையும் ஒரு தொடக்கநிலை மாணவருக்கு எப்படி வேறுபடுத்திக் காட்டுவீர்கள் என்பதுபோலக் கேட்பார்கள். முதலாவதில் ஆள் இன்னும் மதுரையில் இருக்கிறார் அல்லது போகும் வழியில் இருக்கிறார். இரண்டாவதில் போய்த் திரும்பிவிட்டார். இரண்டும் ஒரே டென்ஸ். டென்ஸின் பெயரை மட்டும் எழுதினால் விடையில் எதுவுமே இல்லை. “ஹி ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்”, “ஹி ஸ்டாப்ட் டு ஸ்மோக்” என்ற இணையும் அப்படியே. முதல் ஆள் பழக்கத்தை விட்டுவிட்டார். இரண்டாமவர் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டுப் பற்றவைக்கிறார்.

விடை எழுதும்போது மூன்று கேள்விகளை வைத்துக்கொள்ளுங்கள். பொருள் என்ன? வாக்கியம் எந்த உறுப்புகளால் ஆனது? பேசும்போது எப்படி ஒலிக்கிறது? மூன்றாவதை நம்மவர்கள் அநேகமாக மறந்துவிடுவார்கள்.

இணையத்தில் கிடைக்கும் விடையை அப்படியே எழுதி அனுப்பாதீர்கள். நேர்காணலில் அந்தத் தாளையே எடுத்து வைத்துக்கொண்டு, “இதற்கு வேறோர் எடுத்துக்காட்டு சொல்லுங்கள்” என்பார்கள். அங்கே உங்கள் உச்சரிப்பு லண்டன்காரர்போல இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. உச்சரிப்பு மாற்றும் பயிற்சி என்று தனியே பணம் செலவழிக்க வேண்டாம். திருத்தத்தைச் சொன்னால் ஏற்றுக்கொள்கிறவரா, வாதாடுகிறவரா என்பதைத்தான் எடைபோடுகிறார்கள். பல ஆண்டுகள் பாடம் நடத்திய ஆசிரியர்களுக்கு இந்தப் படியில்தான் சறுக்கும்.

நேர்காணலுக்கும் பயிற்சித் தொடக்கத்துக்கும் நடுவே ஆறு முதல் எட்டு வாரம் இருக்கும்படி தேதி பாருங்கள்.

6. அந்த ஆறு வாரத்தில் என்ன படிப்பது

இடம் கிடைத்ததும் கேம்பிரிட்ஜின் முன்தயாரிப்புப் பணித்தாள் கைக்கு வரும். அதற்கு மதிப்பெண் இல்லை என்பதாலேயே பலர் தொடுவதில்லை. செய்துவிடுங்கள், முதல் வாரத்தில் மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

நாம் பள்ளியில் படித்த இலக்கண நூல்கள் இதற்கு அதிகம் உதவா. ஆக்டிவ் வாய்ஸைப் பாஸிவ் வாய்ஸாக மாற்றுவதில் நாம் கெட்டிக்காரர்கள், ஆனால் ஒருவர் எப்போது பாஸிவில் பேசுவார் என்று நமக்குச் சொல்லித்தரப்படவில்லை. வெளிநாட்டு மாணவர்களே தாமாகப் படிக்கும்படி பயிற்சிகளோடு எழுதப்பட்ட ஒரு நூலை வாங்கி, நாளுக்கு ஓர் இயலாகப் பாருங்கள். செல்டா வகுப்புகளில் அடிக்கடி தலைகாட்டுபவை: பிரசன்ட் பெர்ஃபெக்ட், வருங்காலத்தைச் சொல்லும் பல வழிகள், ‘இஃப்’ வாக்கியங்கள், ‘மஸ்ட்’, ‘ஹேவ் டு’, ‘ஷுட்’ ஆகியவற்றின் வேறுபாடு, ‘எ’வும் ‘த’வும். கடைசியாகச் சொன்னது நமக்கே தடுமாற்றம். தமிழில் அப்படியோர் உறுப்பு இல்லாததால் காதில் விழுந்த பழக்கத்தை வைத்துக்கொண்டு ஓட்டுகிறோம், காரணம் கேட்டால் விழிக்கிறோம்.

உங்கள் பேச்சையும் ஒருமுறை கைபேசியில் பதிவுசெய்து கேளுங்கள். “ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்”, “டிஸ்கஸ் அபௌட்”, “டுடே மார்னிங்”, “ஐ ஹேவ் ஸீன் ஹிம் யெஸ்டர்டே”. நம் ஊரில் இவற்றை யாரும் தவறாக நினைப்பதில்லை, என் பார்வையில் பேச்சு வழக்கில் இவற்றால் ஒரு குடியும் முழுகிவிடாது. ஆனால் பிரேசிலிலிருந்தோ துருக்கியிலிருந்தோ வந்த மாணவர் உங்கள் வாயிலிருந்து கேட்பதை அப்படியே எடுத்துக்கொள்வார். பார்வையிடும் பயிற்றுநரும் குறித்துவைப்பார்.

7. வகுப்பறையில்: விளக்காமல் கற்பிப்பது

ஆறு மணி நேரத்தை 45 நிமிட வகுப்புகளாகப் பிரித்தால் எட்டு வகுப்பு. வகுப்பின் நீளம் நிலையத்தைப் பொறுத்து மாறலாம். குறைந்தது இரண்டு நிலை மாணவர்களுக்குக் கற்பிக்க வேண்டும். தொடக்கத்தில் எந்தப் பாடம், எப்படி என்று பயிற்றுநர் கைபிடித்து வழிகாட்டுவார். போகப்போகக் கையை எடுத்துக்கொள்வார். உடன் பயில்பவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து நீங்கள் செய்வதையெல்லாம் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

என் குழுவில் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் இருந்தார். அவருக்கு வந்த பாடம் “யூஸ்டு டு”. பலகையில் அழகாக அட்டவணை போட்டார், உடன்பாடு, எதிர்மறை, வினா என்று மூன்று பத்தி, கீழே விதி. மாணவர்கள் பணிவோடு எழுதிக்கொண்டார்கள். பாதி நேரம் போயிற்று. “டு யூ அன்டர்ஸ்டாண்ட்?” என்றார், எல்லோரும் “யெஸ்” என்றார்கள். உங்கள் சிறுவயதுப் பழக்கம் ஒன்றைச் சொல்லுங்கள் என்றதும் முதல் மாணவி, “ஐ யூஸ்டு டு ட்ரிங்க் காஃபி எவ்ரி மார்னிங் நௌ” என்றார். பாடம் முடிந்தபின் பயிற்றுநர் கேட்டது ஒரே கேள்வி: “இன்று மாணவர்கள் எத்தனை வாக்கியம் பேசினார்கள்?”

அதே பாடத்தை வேறு மாதிரி எடுக்கலாம். இரண்டு படம் காட்டுங்கள். பத்து ஆண்டுக்கு முன் ஒருவர் சிகரெட்டும் கையுமாக, இன்று அதே ஆள் ஓட்டப் பந்தய உடையில். வாக்கியத்தை மாணவர்களிடமிருந்தே வரவழைக்கப் பாருங்கள். வராவிட்டால் நீங்களே சொல்லுங்கள்: “ஹி யூஸ்டு டு ஸ்மோக்.” பிறகு பொருள் புரிந்ததா என்று சோதிக்கும் கேள்விகள். “டிட் ஹி ஸ்மோக் இன் த பாஸ்ட்?” யெஸ். “ஜஸ்ட் ஒன்ஸ்?” நோ. “டஸ் ஹி ஸ்மோக் நௌ?” நோ. மூன்று குட்டிக் கேள்வி, மூன்று ஒற்றைச் சொல் பதில். அந்த மாணவி தடுக்கி விழுந்த இடம் மூன்றாவது கேள்வியிலேயே பிடிபட்டிருக்கும்.

இந்தக் கேள்விகளில் இரண்டு பொறி உண்டு. கற்பிக்கும் வடிவத்தையே கேள்வியில் போடக் கூடாது. “டிட் ஹி யூஸ் டு ஸ்மோக்?” என்று கேட்டால், புரியாதவருக்கு அந்தக் கேள்வியே புரியாது. அடுத்தது, இவற்றை வகுப்பில் நின்றபடி யோசித்துக்கொள்ளலாம் என்று நினைப்பது. முதல்நாள் இரவே பாடக்குறிப்பில் எழுதுங்கள், எதிர்பார்க்கும் பதிலோடு சேர்த்து.

பொருள் தெளிந்தபின் ஒலி. ‘யூஸ்டு’வின் ‘டு’வும் அடுத்துவரும் ‘டு’வும் பேச்சில் ஒன்றாகிவிடும். அதனால்தான் மாணவர்கள் வினா வாக்கியத்தில் ‘டி’ எழுத்தைச் சேர்த்தா சேர்க்காமலா எழுதுவது என்று குழம்புகிறார்கள். எல்லோரையும் சேர்ந்து சொல்லவையுங்கள், பிறகு ஒவ்வொருவராக. வயது வந்தவர்களைக் கோரஸாகச் சொல்லவைக்கக் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை. பலகையில் எழுதுவது அதற்கும் பிறகுதான். எழுதிக்காட்டி முடித்ததும் வகுப்பை மாணவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். கோடிட்ட இடப் பயிற்சி ஐந்து நிமிடம், இருவர் இருவராகச் சிறுவயதைப் பற்றிப் பேச்சு பதினைந்து நிமிடம். அப்போது நீங்கள் பேசக் கூடாது. நடமாடி, காதில் விழும் தவறுகளைக் குறித்துக்கொண்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் பெயர் சொல்லாமல் பலகையில் எழுதி அவர்களையே திருத்தச் சொல்லுங்கள்.

வகுப்பில் தமிழர் ஒருவர் இருந்தாலும் தமிழில் பொருள் சொல்லிவிடாதீர்கள். பக்கத்தில் இருப்பவருக்கு அது தெரியாது. தவிர, உங்களால் படத்தாலும் கேள்வியாலும் பொருளைக் கொண்டுவர முடிகிறதா என்பதைத்தான் அங்கே பார்க்கிறார்கள். நம் ஊரில் சொந்தமாக மாலை வகுப்பு நடத்தும்போது தாராளமாகத் தமிழைப் பயன்படுத்துங்கள். தேவையான இடத்தில் தாய்மொழியைத் தவிர்ப்பது வீம்பு என்பதே என் எண்ணம்.

ஒவ்வொரு வகுப்புக்குப் பின்னும் “தரத்துக்கு உரியது”, “தரத்துக்குக் கீழ்” என்பதுபோல் மதிப்பிடுவார்கள். ஒரு வகுப்பு கீழே போனால் குடிமுழுகிப் போகாது. ஒரே குறை மூன்று வகுப்பில் தொடர்ந்தால்தான் சிக்கல். பயிற்சியின் நடுவில் தனியாக உட்காரவைத்துப் பேசுவார்கள். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதை அன்றைக்குத் தயங்காமல் நேரடியாகக் கேளுங்கள்.

8. எழுத்துப் பணிகள்

நான்கு பணிகள், ஒவ்வொன்றும் 750 முதல் 1,000 சொல். ஒன்றில் மாணவர் ஒருவரைப் பேட்டி கண்டு அவர் செய்யும் பிழைகளை ஆராய வேண்டும். இன்னொன்று முழுக்க இலக்கணமும் சொல்லும் பற்றியது, மேலே சொன்ன பொருள், வடிவம், ஒலி முறையில்தான். மற்ற இரண்டும் வாசிப்பு, கேட்டல் போன்ற திறன்களையும், உங்கள் சொந்தக் கற்பித்தலைப் பற்றிய மதிப்பீட்டையும் சார்ந்தவை. தேறாவிட்டால் ஒவ்வொன்றையும் ஒருமுறை திருத்தித் தரலாம். மாணவரைப் பேட்டி காணும்போது அனுமதி கேட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள். நினைவிலிருந்து எழுதிய பிழைகள் எப்போதும் மாறிப்போயிருக்கும். கருத்துத் திருட்டு கண்டுபிடிக்கப்பட்டால் பயிற்சியே கைநழுவும், இயந்திரத்திடம் எழுதி வாங்குவதும் அதில் அடங்கும்.

9. முடித்தபின்

கடைசி நாளில் முடிவை வாய்மொழியாகவோ தற்காலிகமாகவோ சொல்வார்கள். அசல் சான்றிதழ் இங்கிலாந்திலிருந்து வரச் சில வாரங்கள் ஆகும். அதுவரை வேலைக்கு விண்ணப்பிக்க நிலையத்திடம் தற்காலிக அறிக்கையும் உங்கள் கற்பித்தல் பற்றிய குறிப்புரையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்களுக்குக் கிடைப்பது சாதாரணத் தேர்ச்சிதான். உயர்ந்த தரமான ‘பாஸ் ஏ’ வரவில்லை என்று வருந்த வேண்டாம்.

வெளிநாடு போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு வேலை உண்டு. காவல்துறைச் சான்றிதழைப் பாஸ்போர்ட் சேவை வழியாக, 500 ரூபாய்க் கட்டணத்தில், நீங்களே விண்ணப்பித்து வாங்கிவிடலாம். இடைத்தரகர் தேவையில்லை. பல நாடுகள் சில மாதங்களுக்குள் எடுத்ததைத்தான் ஏற்கும், ஆகவே வேலை உறுதியானபின் எடுங்கள். ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டில் ஏற்கச்செய்யும் அப்போஸ்டில் முத்திரையில்தான் நிறையப் பேர் பணத்தை விடுகிறார்கள். உங்கள் பட்டத்துக்கு இந்திய வெளியுறவு அமைச்சகம் முத்திரை தரும். செல்டா சான்றிதழ் பிரிட்டனில் வழங்கப்பட்டது, அதற்கான முத்திரை பிரிட்டிஷ் அரசு அலுவலகத்தில்தான் கிடைக்கும். “இரண்டையும் இங்கேயே முடித்துத் தருகிறோம்” என்று சொல்லும் முகவரிடம், செல்டாவுக்கு எந்த நாட்டு முத்திரை வரும் என்று கேளுங்கள்.

கொரியாவுக்குக் கனவு காண்கிறவர்கள் முன்பணம் கட்டும்முன்பே விசா விதியைப் படியுங்கள். அங்கே ஆங்கில ஆசிரியர்களுக்கான விசா பொதுவாக ஏழு நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே, அந்த ஏழில் இந்தியா இல்லை. மற்ற நாடுகளிலும் குடியுரிமையைப் பார்த்துத்தான் பல பள்ளிகள் விளம்பரம் செய்கின்றன. நீங்கள் போக விரும்பும் நாட்டின் தூதரகப் பக்கத்தில் இந்தியக் குடிமக்களுக்கான விதியை அச்செடுத்து, அதில் கேட்டிருக்கும் ஆவணங்களை நான்காம் படியில் சொன்னவற்றோடு ஒப்பிட்டு, விடுபட்டதற்கு இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.